கேஷ் நம்ம காசுதானா? பாதி ஆமாம், பாதி இல்லை

மார்த்தாண்டத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "நாள் முழுக்க கேஷா, ஜிபேயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோமே, இந்தக் கேஷ் என்ற ஆங்கிலச் சொல்லே நம்ம தமிழ்க் காசிலிருந்து போனதுதான் என்று ஒரு செய்தி போனில் சுற்றுகிறது. உண்மையா அண்ணா? அப்படியென்றால் பேங்கில் கேஷியரைக் காசாளர் என்று எழுதிவைத்திருப்பதும் ஒரே சொல்லா?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று, ஆனால் பிறப்பு வேறு. நல்ல ஆங்கில அகராதி எதை எடுத்தாலும் இரண்டையும் தனித்தனிப் பதிவாகத்தான் போட்டிருக்கும். நீங்கள் கடையில் சொல்கிற கேஷ், அதாவது ரொக்கம், ஐரோப்பாவிலேயே பிறந்தது; அதற்கும் தமிழுக்கும் சம்பந்தம் இல்லை. இன்னொரு கேஷ் இருக்கிறது, தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்னச் செப்புக்காசுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். அது நம்ம காசு. இந்த இரண்டாவது உண்மையை எடுத்து முதலாவதன் மேல் ஒட்டியதுதான் உங்களுக்கு வந்த செய்தி.

முதலாவது கேஷின் கதை ஒரு பெட்டியில் தொடங்குகிறது. லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. எடுப்பது, பிடிப்பது என்ற பொருள் தரும் காப்பெரே என்ற வினையிலிருந்து வந்தது என்பார்கள், எதையாவது பிடித்துவைப்பது என்ற கணக்கில். அந்தக் காப்ஸா இத்தாலியில் காஸ்ஸா ஆனது, பிரெஞ்சில் காஸ், கெஸ் என்றெல்லாம் ஆனது. வியாபாரி பணம் போட்டுவைக்கும் பெட்டிக்கும் அதே பெயர்தான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலம் அதை வாங்கிக்கொண்டது. 1598இல் லண்டனில் ஜான் ஃப்ளோரியோ என்பவர் ஒரு இத்தாலிய-ஆங்கில அகராதி போட்டார். அதில் காஸ்ஸாவுக்குப் பெட்டி என்று பொருள் சொல்லிவிட்டு, வியாபாரியின் கேஷ் என்றும் எழுதுகிறார். அங்கே கேஷ் என்றால் பணம் அல்ல, பணப்பெட்டி. அப்புறம் பெட்டிக்குள் இருப்பதையும் கேஷ் என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் இரண்டு பொருளும் கூடவே ஓடின, 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் தேய்ந்து மறைந்து பணம் மட்டும் நின்றது.

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்துக்குப் போகும் என்று கேட்டால், நம்ம ஊரில் 'பெட்டி கைமாறிவிட்டது' என்று தேர்தல் நேரத்தில் பேசிக்கொள்கிறோமே, அங்கே யாரும் வெறும் பெட்டியை நினைப்பதில்லை. 'கல்லா கட்டிவிட்டான்' என்பதும் அதேதான். அந்தக் கல்லாவே உருது வழியாக வந்த வார்த்தை, மூலத்தில் தானியம் என்று பொருள். விற்ற தானியத்தின் பணம் கிடக்கிற பெட்டிக்குப் பெயராகி, இன்றைக்கு எள்ளும் கொள்ளும் விற்காத மொபைல் கடையிலும் கல்லா இருக்கிறது. ஐரோப்பாவில் இன்னும் பழைய பொருள் போகவில்லை. ஜெர்மன்காரர் காஸ்ஸே என்பார், ரஷ்யர் காஸ்ஸா என்பார், இரண்டும் பணம் கட்டுகிற இடம்தான்.

இந்தப் பெட்டிக்குடும்பம் பெரியது. சூட்கேஸில் இருக்கும் கேஸ், மருந்துக்கடை கேப்சூல், லாரிக்காரர்கள் சொல்கிற சேஸிஸ், எல்லாமே காப்ஸாவின் பேரன் பேத்திகள். ஆனால் போலீஸ் கேஸில் இருக்கிற கேஸ் இந்தக் குடும்பம் இல்லை. அது விழுவது என்ற பொருளுள்ள காஸுஸ் என்ற வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆங்கிலத்தில் அவையும் எழுத்தும் ஒலியும் ஒன்றான இரண்டு சொற்கள்தான். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

ஒரு சந்தேகம் வரலாம். இத்தாலியிலும் பிரெஞ்சிலும் ஸகரம் இருக்க, ஆங்கிலத்தில் ஷ் எங்கிருந்து முளைத்தது? தமிழ்வாதம் பேசுகிறவர்கள் பிடிக்கிற பிடி இதுதான், 'பாருங்கள், மலையாளத்தில் காசுவை ஷகரம் மாதிரி ஒலிக்கிறார்கள், அதுதான் கேஷ்' என்பார்கள். ஆனால் பிரெஞ்சு ஸகரம் ஆங்கிலத்துக்குப் போய் ஷ் ஆவது அங்கே சாதாரணம். தள்ளுவதைப் பிரெஞ்சில் பூஸே என்றார்கள், அது ஆங்கிலத்தில் புஷ். ப்ரோஸ் அங்கே போய் ப்ரஷ் ஆயிற்று. நாய் கட்டுகிற வாருக்கு லெஸ் என்றார்கள், அது லீஷ். அதே வரிசையில் காஸ், கேஷ். இதற்கு நம்ம உதவி தேவைப்படவே இல்லை.

சரி, இப்போது நம்ம காசுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் பெருமைப்பட உண்மையான விஷயம் இங்கேதான் இருக்கிறது, பொய்யான பெருமைக்கு ஓடவேண்டிய அவசியமே இல்லை.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு போர்த்துகீசியர் நம்ம மேற்குக் கடற்கரையிலும் கிழக்குக் கடற்கரையிலும் வியாபாரம் செய்தார்கள். இங்கே சிறு நாணயத்துக்குக் காசு என்று சொல்வதைக் கேட்டார்கள். அதைத் தங்கள் எழுத்தில் காஷா, கைஷா என்று எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், போர்த்துகீசிய மொழியில் பெட்டிக்கும் கைஷா என்றுதான் பெயர், அந்தப் பழைய லத்தீன் காப்ஸாவின் இன்னொரு பிள்ளை. அதாவது நம்ம காசு கப்பலேறும்போதே பெட்டியின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஏறியது. இரண்டு சொற்களும் ஒன்றுபோலத் தெரிவதற்கு விதை விழுந்தது அங்கேதான், லண்டனில் அல்ல.

1511இல் அவர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். அந்தப் பக்கத்துத் தீவுகளிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களுக்கும் இந்தியாவில் கற்ற பெயரையே கொடுத்தார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசு படம் பார்த்திருப்பீர்கள், நூலில் ஆயிரம் ஆயிரமாகக் கோத்து வைப்பார்கள். அதற்குச் சீனர்கள் வைத்த பெயர்கள் வேறு. ஆனால் ஆங்கிலத்தில் இன்றைக்கும் அதன் பெயர் கேஷ். நாணயம் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க 'சீன கேஷ்' என்றுதான் சொல்கிறார்கள், அதில் இருப்பது நம்ம சொல் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆங்கிலத்துக்குள் இது நுழைந்த இடத்தில் ஒரு அழகான பதிவு இருக்கிறது. லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், கோவாவில் ஆர்ச்பிஷப்புக்கு எழுத்தராக இருந்தவர், எழுதிய பயண நூலை 1598இல் லண்டனில் ஆங்கிலத்தில் போட்டார்கள். ஜாவாத் தீவின் சுந்தா பகுதியைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே கைஷா என்ற செப்புக்காசைத் தவிர வேறு பணமே இல்லை, அது ஹாலந்தின் டாய்ட் காசு அளவுதான் இருக்கும், ஆனால் தடிமன் பாதிகூட இல்லை, நூலில் கோக்க நடுவில் ஓட்டை உண்டு என்கிறார். ஆண்டைக் கவனித்தீர்களா? ஃப்ளோரியோவின் அகராதியும் அதே 1598, அதே லண்டன். பணப்பெட்டிக் கேஷும் செப்புக்காசுக் கேஷும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் இரண்டு வெவ்வேறு புத்தகங்களில், ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லாமல் அச்சாகியிருக்கின்றன. இரண்டும் இரண்டு வழியாக வந்தவை என்பதற்கு எனக்கு இது போதும்.

அந்த வாக்கியத்தில் இன்னொரு புதையல் இருக்கிறது. ஹாலந்தின் டாய்ட் என்றாரே, டச்சில் அது டொய்ட். அதுதான் தமிழில் துட்டு! தமிழ் லெக்சிகனும் அப்படித்தான் சொல்கிறது. 'கையில் துட்டு இல்லை' என்று சொல்கிறவர் டச்சுப் பேசிக்கொண்டிருக்கிறார். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை அடித்துப் பிடித்ததும், பிடிபட்ட டிலெனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டதும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் படித்த கதை. ஆட்கள் போய்விட்டார்கள், அவர்கள் சில்லறையின் பெயர் நம்ம வாயில் தங்கிவிட்டது. ஆக 1598இன் அந்த ஒரே வாக்கியத்தில் நாம் கொடுத்த சொல்லும் நாம் வாங்கிய சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. மதராஸில் கணக்கு எழுதுவது எப்படியென்றால் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பெருக்கிப் பார்த்தால் 3360 காசு ஒரு வராகன். இதை அப்படியே ஆங்கிலத்தில் கேஷ், ஃபனம், பகோடா என்று எழுதினார்கள். கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றால் 1803, 1808 தேதியிட்ட கம்பெனி நாணயங்களைப் பாருங்கள். பர்மிங்ஹாம் பக்கத்து சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்தவை. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்குகிற கம்பெனிச் சின்னம். மறுபக்கம் மேலே பாரசீக எழுத்தில் 'இருபது காஸ் நான்கு ஃபலூஸ்' என்று ஒரு வரி, அடியில் ஆங்கிலத்தில் ரோமன் எண் இரண்டு எக்ஸ் போட்டு கேஷ் என்ற சொல். தமிழ்ச் சொல்லைப் பாரசீக எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பொறித்து, தமிழில் மட்டும் ஒரு எழுத்துகூட இல்லாமல், தமிழர்களிடம் செலவழிக்க அனுப்பிய காசு! இந்த 1808 காசுகளைப் பல டன் ஏற்றிக்கொண்டு மதராஸுக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பத்து லட்சத்துக்கும் மேல் காசுகளை எடுத்தார்கள். அதனால்தான் இன்றைக்கு அந்தக் காசு இணையத்தில் சல்லிசாகக் கிடைக்கிறது, உப்புத்தண்ணீர் அரித்ததும் இருக்கும், இப்போதுதான் அடித்ததுபோல் மின்னுவதும் இருக்கும்.

மதராஸில் 1818இல் ரூபாய்க் கணக்கு வந்ததோடு காசு, பணம், வராகன் எல்லாம் ஏட்டை விட்டுப் போயின. ஆனால் நம்ம பக்கம் கதையே வேறு. நாம் அப்போது மதராஸ் இல்லையே, திருவிதாங்கூர். இங்கே 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், அதாவது 448 காசு. வெள்ளைக்காரன் ரூபாயோ இருபத்தெட்டரைச் சக்கரம், 456 காசு. இந்த அரைச் சக்கர வித்தியாசம் சும்மா இல்லை. ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குப் போய்வரும் வியாபாரிக்கு ஒவ்வொரு ரூபாயிலும் எட்டுக் காசு கணக்கு உதைக்கும்.

20ஆம் நூற்றாண்டில் அடித்த திருவிதாங்கூர் நாணயங்கள் எங்கள் வீட்டு டப்பாவில் சில கிடக்கின்றன, கோட்டாறு கம்போளம் பக்கம் பழைய பித்தளைச் சாமான் விற்கிறவரிடம் வாங்கியவையும் அதில் உண்டு. ஒற்றைக் காசு சட்டைப் பொத்தானைவிடப் பெரிதில்லை. நாலு காசு, எட்டுக் காசு கொஞ்சம் கனமாக இருக்கும். சங்கு முத்திரை, மலையாள எழுத்து, கூடவே ஆங்கில எழுத்தில் கேஷ். அங்கே அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ரொக்கம் என்று பொருளே இல்லை, அது காசு என்ற நாணயத்தின் பெயர். 'கேஷ் என்பது காசுதான்' என்று யாராவது அடித்துச் சொல்ல ஆசைப்பட்டால் இந்த நாணயத்தைக் காட்டிச் சொல்லட்டும், நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும்.

சக்கரத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. பழைய வெள்ளிச் சக்கரம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, எடை அரை கிராம்கூட வராது. வரிப்பணம், கோயில் பணம் என்று ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தால் விரலால் எண்ணி முடிகிற காரியமா? அதற்குச் சக்கரப்பலகை என்று ஒன்று வைத்திருந்தார்கள். மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள், ஒரு குழிக்கு ஒரு சக்கரம் மட்டும் உட்காரும் ஆழம். ஒரு கை நிறைய அள்ளிப் பலகையில் கொட்டி லேசாக ஆட்டி, மிஞ்சியதைக் கையால் வழித்துவிட்டால் எல்லாக் குழியும் நிரம்பியிருக்கும். நூறு குழிப் பலகையென்றால் நூறு சக்கரம். கவிழ்த்துக் கொட்டிவிட்டு அடுத்த கை. பேங்கில் நோட்டு எண்ணுகிற இயந்திரத்தின் கொள்ளுத்தாத்தா அது.

திருவிதாங்கூரும் கொச்சியும் 1949இல் இணைந்தன, அதோடு தனி நாணயம் அடிப்பதும் நின்றது. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஐந்து மாதம் கழித்து 1957 ஏப்ரல் 1இல் நயாபைசா வந்தது. ஆக அந்தக் காலத்து ஆட்கள் கொஞ்ச வருஷத்துக்குள் காசு-சக்கரம், அணா-பைசா, நயாபைசா என்று மூன்று கணக்கு பழகவேண்டியிருந்தது. எங்கள் ஆச்சி கடைசிவரை 'கையில ஒரு சக்கரம் கெடையாது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், சக்கரம் செல்லாமல் போய்ப் பல வருஷம் ஆன பிறகும். தமிழகத்தில் இன்னொரு சமஸ்தானத்திலும் காசு நெடுநாள் உயிரோடு இருந்தது, புதுக்கோட்டை அம்மன் காசு. அதை இங்கே தொட்டுவிட்டு விடுகிறேன், தனியாக எழுதவேண்டிய விஷயம்.

இனி, காசு என்பதே எங்கிருந்து வந்தது? இதில் ஒரு வழக்கு ஓடுகிறது. ஆங்கிலேய இந்தியச் சொற்களின் பெரிய அகராதியான ஹாப்சன்-ஜாப்சன், 1886இல் யூலும் பர்னெல்லும் போட்டது, காசுவைச் சமஸ்கிருதக் கர்ஷத்தோடு சேர்க்கிறது. கர்ஷம் பொன், வெள்ளி நிறுக்கும் ஒரு எடை. அதிலிருந்துதான் கார்ஷாபணம் என்ற பழைய முத்திரை நாணயத்தின் பெயர். போர்த்துகீசியர் அதைத் தமிழ்க் காசுவிலிருந்து எடுத்தார்களா, கொங்கணி வடிவம் எதிலாவது இருந்து எடுத்தார்களா என்றும் அவர்கள் கொஞ்சம் தயங்குகிறார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், எடை என்ற பொருளிலிருந்து தமிழ்க் காசுவை இழுப்பது அவ்வளவு ஒட்டவில்லை. ஏனென்றால் பழைய தமிழில் காசு என்பது நாணயம் மட்டுமல்ல, மணி, மேகலையில் கோக்கும் பொற்காசு இதெல்லாமும்தான்.

குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லை பாடிய 67ஆம் பாட்டில் ஒரு காட்சி. கிளி தன் வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? புது நூலைக் கோப்பதற்காகக் கூர்மையான நகத்தால் பிடித்த பொன்னணியின் ஒரு காசு மாதிரி. மஞ்சளாய் உருண்டையாய் ஒரு மணி, இரண்டு நக நுனிக்கு நடுவில். கடையில் கொடுக்கல் வாங்கல் எதுவும் அங்கே இல்லை, நகை செய்கிற வேலை மட்டும்தான். கல்யாண வீட்டில் பெண்கள் போட்டுவருகிற காசுமாலையில் அந்தப் பொருள் இன்றைக்கும் அப்படியே தொங்குகிறது.

பிறகு காசு முழுக்க நாணயமாகிறது. 7ஆம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் தினம் ஆளுக்கொரு காசு கொடுத்தார் என்பது புராணம். அப்பர் வாங்கிய காசு கடையில் முழு மதிப்புக்குப் போயிற்று, சம்பந்தர் காசுக்கு வட்டம் பிடித்தார்கள். உடனே அவர் பாடியது 'வாசி தீரவே காசு நல்குவீர்'. வாசி என்றால் அந்த வட்டம்தான், மட்டமான நாணயத்துக்குக் கழிக்கிற தொகை. கடவுளிடமே நல்ல காசாகக் கொடும் என்று கேட்டிருக்கிறார்! எட்டுக் காசு வித்தியாசத்துக்குக் கணக்குப் பார்த்த நம்ம ஆரல்வாய்மொழி வியாபாரிக்கு அந்தப் பாட்டு நன்றாகவே புரிந்திருக்கும். யாப்பு படித்தவர்கள் இன்னொன்றும் நினைவுக்குக் கொண்டுவருவார்கள். வெண்பா கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில்தான் முடியவேண்டும். 'புகழ்புரிந்தார் மாட்டு' என்று குறள் முடிகிறதே, அந்த 'மாட்டு' ஒரு காசு.

இவ்வளவு பழமை இருக்கிறதே, அப்படியானால் ஐரோப்பியப் பெட்டிச் சொல்லுக்கும் இதுவே மூலமாக இருக்கக்கூடாதா என்று விடாமல் கேட்பவர்கள் உண்டு. கூடாது. லத்தீன் காப்ஸாவில் இருக்கும் ப் என்ற ஒலிக்குக் காசுவில் இடமே இல்லை. காப்ஸா ரோமானியர் காலத்திலேயே புத்தகச் சுருள் வைக்கிற பெட்டிக்குப் பெயராக எழுத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆங்கிலம்வரை ஒவ்வொரு படியும் காகிதத்தில் பதிந்திருக்கிறது. சொல் பயணம் போனது என்று சொன்னால் எந்தக் கப்பல், எந்த ஆண்டு, யார் எழுதியது என்று காட்டவேண்டும். செப்புக்காசுக் கேஷுக்கு அதைக் காட்ட முடிகிறது. கயிறுவிலிருந்து போன காயருக்குக் காட்ட முடிகிறது, கட்டுமரத்துக்குக் காட்ட முடிகிறது, நம்ம கடற்கரைக்காரர்கள் சொத்து அவை இரண்டும். சும்மா ஒலி ஒத்துப்போகிறது என்பதை வைத்துக்கொண்டு பேசினால் நாமே ஏமாறுவோம். ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ரிசீட், நம்மிடம் ரசீது, வேலையும் ஒன்றே. யாரைக் கேட்டாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் ரசீது பாரசீகச் சொல், வந்து சேர்ந்தது என்று பொருள், வெள்ளைக்காரன் கடை திறப்பதற்கு முன்பே இந்தியாவில் இருந்தது. ஆக உங்கள் கடையில் ஒரே நிமிஷத்தில் இந்த விபத்து இரண்டு தடவை நடக்கிறது, கேஷ் வாங்கும்போது ஒன்று, ரசீது கிழிக்கும்போது ஒன்று.

கேஷ் என்று ஒலிக்கிற இன்னும் இரண்டு பேரை வெளியே அனுப்பிவிடலாம். ஒன்று கேஷ்யூ, முந்திரி. அதற்கும் காசுக்கும் தொடர்பு இல்லை, நம்ம பக்கத்தில் எத்தனையோ வீடுகள் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையின் கூலியில் ஓடினாலும்கூட. பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியில் அகாஜு, போர்த்துகீசியரிடம் காஜு, ஆங்கிலத்தில் கேஷ்யூ. கொல்லா மரத்தை, அதாவது முந்திரி மரத்தை, இங்கே கொண்டுவந்ததும் அதே போர்த்துகீசியர்தான், அதனால்தான் மலையாளத்தில் பறங்கியண்டி என்றும் சொல்வார்கள். இன்னொன்று போனில் 'கேஷ் கிளியர் பண்ணு' என்கிறோமே, அது. அது ஒளித்துவைப்பது என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. கனடாக் காடுகளில் தோல் வேட்டைக்குப் போனவர்கள் சாப்பாட்டைப் புதைத்துவைத்த குழிக்குப் பெயராக இருந்து, 1968இல் ஐபிஎம் கம்பெனியின் ஒரு கணினியில் வேக நினைவகத்துக்குப் பெயரானது. கிளியர் பண்ணினால் பேங்க் பணம் போய்விடுமோ என்று எங்கள் பெரியம்மை பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை, கேட்பதற்கு ஒரே மாதிரிதானே இருக்கிறது.

கடைசியாகக் காசாளர். பேங்க் ஜன்னலில் மேலே தமிழில் காசாளர், கீழே ஆங்கிலத்தில் கேஷியர் என்று பார்க்கும்போது ஒன்றை இன்னொன்றாக மாற்றி எழுதியதுபோலத்தான் தோன்றும். கேஷியர் பெட்டிக்காரர், பிரெஞ்சு, டச்சு மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவர், பணப்பெட்டிக்குப் பொறுப்பாளர். காசாளர் காசை ஆள்பவர். காசோலை எப்படிக் காசையும் ஓலையையும் சேர்த்துச் செய்ததோ அப்படித் தமிழுக்குள்ளேயே செய்த சொல். பொருளும் பொருந்தி ஒலியும் பொருந்துகிற மாதிரி மொழிபெயர்ப்பு அமைவது அபூர்வம், அதை ஆக்கியவருக்கு நல்ல காது. அதனால் ஜன்னலில் எழுதியிருப்பதில் தப்பே இல்லை தம்பி, இரண்டும் ஒரே சொல் என்று மட்டும் நினைக்கவேண்டாம். இன்னொரு கேஷியரும் ஆங்கிலத்தில் உண்டு, அது வினை. பட்டாளத்து அதிகாரியை அவமானப்படுத்தி வேலையைவிட்டு நீக்குவதற்கு அப்படிச் சொல்வார்கள். உடைப்பது, ரத்து செய்வது என்ற பொருளில் டச்சு வழியாக வந்தது அது, பெட்டிக்கும் சொந்தமில்லை, காசுக்கும் சொந்தமில்லை.